கடலுக்கு நாடி பார்க்கும் படகு

கடல் ஆராய்ச்சி என்றதும் நம்மில் பலருக்கு மனக்கண்முன் வந்து நிற்பது ஒரு பெரிய வெள்ளைக் கப்பல். அதன் மேல்தளத்தில் மூக்குக் கண்ணாடி அணிந்த விஞ்ஞானிகள். உள்ளே பெயர் தெரியாத யந்திரங்கள். சுற்றிலும் கரை காணாத நீலப் பரப்பு. இந்தச் சித்திரத்தில் பிழை ஒன்றும் இல்லை. அத்தகைய கப்பல்கள் நம் தேசத்துக்கும் வாய்த்திருக்கின்றன. 1976-ஆம் ஆண்டில் 'கவேஷணி' ஆராய்ச்சிப் பணியில் இறங்கிற்று. 1983-இல் ஜெர்மனியில் கட்டப்பட்ட 'ஸாகர் கன்யா' வந்து சேர்ந்தது. சுமார் 100 மீட்டர் நீளமுள்ள அந்தக் கப்பல் வாரக்கணக்கில் நடுக்கடலில் தங்கி, ஆயிரக்கணக்கான மீட்டர் ஆழத்து நீரையும் சேற்றையும் மேலே கொண்டுவந்து கொடுத்தது. இவற்றைக் குறித்து நாம் பெருமைப்படுவது நியாயமே.

ஆயினும் நம் அன்றாட வாழ்வோடு ஒட்டிய கடல் அந்தத் தொலைதூரக் கடல் அன்று. மீன் குஞ்சு பொரிப்பதும், இறால் வளர்வதும், சங்கு ஊர்வதும், ஆற்று நீர் வந்து கலப்பதும், ஊர்ச் சாக்கடை போய்ச் சேர்வதும் கரையை அடுத்த ஆழமில்லாக் கடலிலேதான். அந்தக் கடலில் பெரிய கப்பலுக்கு வேலை இல்லை. அங்கே வேலை செய்வது ஒரு சிறு படகு. அதில் மூன்று நான்கு ஆட்கள். ஒரு கயிறு, ஒரு தட்டு, ஒரு புட்டி, ஒரு வலை, ஒரு பென்ஸில். இவ்வளவு எளிய சாமான்களைக் கொண்டு ஒரு கடலின் உடல்நிலையை அறிந்துவிட முடியுமா என்று நேயர்கள் ஐயுறலாம். வைத்தியர் மூன்று விரல்களை மணிக்கட்டில் வைத்து நாடி பார்க்கிறார் அல்லவா? விரல் மூன்றுதான். ஆனால் அந்த விரல்களுக்குப் பழக்கம் வேண்டும். நோயாளியிடம் வைத்தியர் திரும்பத் திரும்ப வரவும் வேண்டும். கடலின் விஷயமும் அப்படியே.

அந்தப் படகையும் அதிலுள்ள சாமான்களையும் நேயர்களுக்கு அறிமுகம் செய்துவைப்பதே இக்கட்டுரையின் நோக்கம். உதாரணத்துக்கு நாம் மன்னார் வளைகுடாவை எடுத்துக்கொள்வோம். நூறாண்டுக்கு மேலாக ஆராயப்பட்டுவரும் கடல் அது. அளவும் கவனமும் தப்பியபோது வந்த நஷ்டத்தையும் கண்ட கடல் அது.

கப்பல் போகாத இடம்

தூத்துக்குடியிலிருந்து இராமேசுவரம் வரையில், கரைக்குச் சில கிலோமீட்டர் அப்பால், 21 சிறு தீவுகள் மாலை கோத்தாற்போல வரிசையாக அமைந்திருந்தன. ஒவ்வொரு தீவையும் சுற்றிப் பவளப்பாறைகள் உண்டு. பாறை என்று பெயரே ஒழிய, அது கல் அன்று; எண்ணற்ற சிறு உயிர்கள் சுண்ணாம்பைச் சுரந்து கட்டிய வீடு. குண்டான வடிவில் வளரும் பவளம் ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் அளவே பெருக்கும். ஆள் உயரப் பவளம் ஒன்றைக் கண்டால், அதன் வயது நம் பாட்டனாருக்குப் பாட்டனார் வயது என்று அறிந்துகொள்ளலாம். 1986-இல் இத்தீவுகளைச் சர்க்கார் கடல் தேசியப் பூங்காவாக ஏற்படுத்தினார்கள். 1989-இல் வளைகுடாவின் இந்தியப் பகுதி உயிர்க்கோளக் காப்பகமாயிற்று.

'ஸாகர் கன்யா' போன்றதொரு கப்பல் மிதப்பதற்கே ஐந்து மீட்டருக்கு மேல் ஆழம் வேண்டும். பவளப்பாறையின் தலைப்பிலோ, கடல் வற்றியிருக்கும் வேளையில் முழங்கால் நனையும் அளவு நீர்தான் நிற்கும். அங்கே கப்பல் வந்தால் கப்பலுக்கும் ஆபத்து, பவளத்துக்கும் ஆபத்து. நங்கூரச் சங்கிலி ஒரு முறை புரண்டால் போதும். ஐம்பது ஆண்டு வளர்ச்சி ஒரு நிமிஷத்தில் பொடியாகிவிடும்.

ஆகவே இத்தகைய இடத்துக்கென்று ஏற்ற படகுக்குச் சில லக்ஷணங்கள் வேண்டும். அதன் அடிப்பாகம் நீரில் அதிகம் அமிழக்கூடாது. இருவர் ஒரே பக்கமாகக் குனிந்து வலையை இழுத்தாலும் கவிழாதபடி அகலமாக இருக்கவேண்டும். ஆழம் குறைந்த இடத்தில் மேலே தூக்கிவைக்கத்தக்க யந்திரம் வேண்டும். மூழ்கி வேலை செய்பவர் ஏறி இறங்குவதற்குப் படகின் விளிம்பு தாழ்வாக இருக்கவேண்டும். கனமான கருவியை இறக்க ஒரு சிறு கம்பமும் கப்பியும் வேண்டும். நங்கூரத்தைப் பவளத்தின்மேல் போடாமல் மணலைத் தேடிப் போடுகிற புத்தியும் வேண்டும். ஆனால் இது படகின் லக்ஷணம் அன்று, படகோட்டியின் லக்ஷணம்.

இப்படகுக்கும் பெருங்கப்பலுக்கும் நடுவே இன்னொரு வகை உண்டு. கரையோரக் கடலில் நீரின் தூய்மையையும் கடல் அடித்தரையையும் ஆராய்வதற்காக 'ஸாகர் தாரா', 'ஸாகர் அன்வேஷிகா' என்ற இரு கப்பல்களை வங்காளத்தில் ஹூக்ளி நதிக்கரையிலுள்ள டிட்டாகரில் கட்டினார்கள். அவற்றை நடத்துவது 1993-இல் ஏற்பட்ட தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம். இரண்டாவது கப்பல் 2021 ஜனவரியில் சென்னைத் துறைமுகத்தில் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. நம் நாட்டுத் தச்சர்களும் கொல்லர்களும் பொறியாளர்களும் சேர்ந்து ஆராய்ச்சிக் கப்பல் கட்டுவது சந்தோஷமான செய்தி. ஆனால் அவையும் பவளப்பாறைக்கு வெளியே நிற்கவேண்டியவைகளே. பாறைக்குள் நுழைவதற்குச் சிறு படகை விட்டால் வேறு கதி இல்லை.

முத்துக்காக வந்த விஞ்ஞானம்

இந்தக் கடலை முதன்முதலில் அளக்க வந்தவர்கள் கடலின் நலத்தைக் கருதி வந்தவர்கள் அல்லர். முத்தைக் கருதி வந்தவர்கள்.

சென்னை மியூஸியத்தின் தலைவராயிருந்த எட்கர் தர்ஸ்டன் துரை முத்து, சங்குக் குளிப்புகளையும் வளைகுடாவின் உயிர்களையும் பற்றி 1890-இல் ஒரு நூல் வெளியிட்டார். அடுத்த சில ஆண்டுகளில் இலங்கைப் பக்கத்து முத்துப் பார்களில் சிப்பி அற்றுப்போயிற்று. வருமானம் நின்றதும் இலங்கைச் சர்க்காருக்கு விஞ்ஞானத்தின்மேல் திடீரென்று பற்று உண்டாயிற்று. 1902-இல் இங்கிலாந்திலிருந்து ஹெர்ட்மன் என்ற பேராசிரியரை வரவழைத்தார்கள். அவர் 'லேடி ஹாவ்லாக்' என்ற நீராவிக் கப்பலில் பார்களைச் சுற்றிப் பார்த்தார். அவருக்குத் துணையாக வந்தவர் ஜேம்ஸ் ஹார்னெல்.

கப்பல் நீராவிக் கப்பலாயினும், பாரில் சிப்பி இருக்கிறதா இல்லையா என்று அறிய நெடுங்காலமாக நம்பிக்கைக்குரிய கருவி ஒன்றுதான்: குளியாள். ஒரு கயிற்றில் கல்லைக் கட்டி, அதில் காலை வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு அவன் இறங்குவான். கைக்கு எட்டியதை அள்ளிக் கூடையில் போட்டுக்கொண்டு மேலே வருவான். அவன் கொண்டுவந்த சிப்பிகளை எண்ணி, வயதை ஊகித்து, இந்த ஆண்டு குளிப்பு நடத்தலாமா, கூடாதா என்று அதிகாரிகள் தீர்மானிப்பார்கள். பெரிய பெரிய அறிக்கைகளில் கையொப்பம் துரைகளுடையது. அடித்தரையைத் தொட்ட கை நம்மவர்களுடையது.

அப்பால் நடந்தது நல்ல பாடம். 1903 முதல் சில ஆண்டுகள் சிப்பி மிகுதியாகக் கிடைத்தது. உடனே 1906-இல் பார்களை ஒரு கம்பெனிக்கு இருபது ஆண்டுக் குத்தகைக்கு விட்டுவிட்டார்கள். 1907-க்குப் பிறகு சிப்பி மறுபடியும் மறைந்தது. கம்பெனியும் சில ஆண்டுகளில் கலைந்தது. கடலை ஒரு முறை நன்றாக ஆராய்ந்துவிட்டால் போதும், பிறகு அது நம் சொற்படி நடக்கும் என்று எண்ணியவர்களுக்குக் கடல் கொடுத்த விடை அது. நம் பக்கத்தில் தூத்துக்குடியிலும் 1961-ஆம் ஆண்டுக்குப் பிறகு முத்துக்குளிப்பு நடைபெறவில்லை.

ஹார்னெல் 1908-இல் சென்னை மாகாண மீன்துறைக்கு வந்து, பின்னர் அதன் தலைவரானார். இவரிடம் நாம் பாராட்ட வேண்டியது ஒன்று உண்டு. மீனை ஆராய வந்தவர் மீன் பிடிக்கும் படகுகளையும் கூர்ந்து கவனித்தார். இந்தியப் படகுகளின் அமைப்பையும் தோற்றுவாயையும் பற்றி 1920-இல் தனி ஆராய்ச்சி நூல் ஒன்று வெளியிட்டார். கட்டுமரமும் தோணியும் படிப்பில்லாதவர்களின் பழைய பொருள்கள் என்று அவர் தள்ளிவிடவில்லை. அவையும் ஒருவகை அறிவே என்று கண்டார்.

சுதந்திரம் வந்த ஆண்டாகிய 1947-இல், பிப்ரவரி மாதத்தில், மத்திய கடல் மீன் ஆராய்ச்சி நிலையம் தொடங்கியது. இரண்டு ஆண்டில் அது மண்டபத்துக்கு வந்தது. அதன் தலைமை அலுவலகம் பிற்காலத்தில் கொச்சிக்கு மாறிய போதிலும் மண்டபத்தில் கிளை நீடிக்கிறது. முத்தின் வருமானத்துக்காக அல்லாமல், கடலை அறிவதற்காகவே ஆட்கள் கரையில் நிரந்தரமாகத் தங்கியது முக்கியமான மாறுதல்.

சாமான் பெட்டியில் என்ன இருக்கிறது?

இனிப் படகில் ஏறுவோம். முதல் சாமான் கயிறும் ஈயக்குண்டும். கயிற்றில் மீட்டருக்கு ஒரு அடையாளம். குண்டின் அடியில் ஒரு குழி. அதில் கொழுப்பைத் தடவி இறக்குவது பழைய மாலுமிகளின் வழக்கம். குண்டு தரையைத் தொட்டதும் ஆழம் தெரியும். கொழுப்பில் ஒட்டிக்கொண்டு வரும் மணலையோ சேற்றையோ பார்த்தால் தரையின் இயல்பும் தெரியும். இன்று இதே வேலையை ஒலி செய்கிறது. படகிலிருந்து கீழே அனுப்பிய ஒலி, தரையில் மோதி எதிரொலியாகத் திரும்புகிறது. கடல் நீரில் ஒலி ஒரு விநாடிக்கு ஏறத்தாழ 1,500 மீட்டர் செல்லும். போய்வர ஒரு விநாடியில் 100-இல் 4 பங்கு ஆயிற்று என்றால், மொத்த வழி 60 மீட்டர். ஆழம் 30 மீட்டர். ஐந்தாம் வகுப்புக் கணக்குதான். இருந்தாலும், கருவி பொய் சொல்கிறதா என்று சோதிக்க அவ்வப்போது குண்டுக் கயிற்றையும் இறக்கிப் பார்ப்பது நல்ல வழக்கம்.

இரண்டாவது சாமான் ஒரு வெள்ளைத் தட்டு. இதற்கு ஸெக்கி தட்டு என்று பெயர். ஆஞ்செலோ ஸெக்கி என்பவர் ரோமாபுரியில் வானசாஸ்திரியாயிருந்த பாதிரியார். 1865-இல் போப்பாண்டவரின் கப்பல் ஒன்றில் ஏறி, வெள்ளைத் தட்டுகளைக் கடலில் இறக்கி, எவ்வளவு ஆழத்தில் அவை கண்ணுக்கு மறைகின்றன என்று அளந்தார். நட்சத்திரங்களைப் பார்த்துப் பழகிய கண் கடலுக்குள்ளும் பார்த்தது. இன்றைக்கும் கடலில் இறக்கும் தட்டு சுமார் 30 சென்டிமீட்டர் அகலமுள்ளதாக இருக்கிறது. படகின் நிழல் விழும் பக்கத்தில் நின்று இறக்குவார்கள். தட்டு மறையும் ஆழத்தைக் குறிப்பார்கள். மெல்ல மேலே இழுத்து, மறுபடி தோன்றும் ஆழத்தையும் குறிப்பார்கள். இரண்டின் சராசரியே அளவு. அந்த ஆழத்தைப்போல் இரண்டு மூன்று மடங்கு வரையில் செடியினம் வாழ்வதற்கு வேண்டிய வெளிச்சம் இறங்கும் என்று கொள்ளலாம். பவளத்தின் உடலில் நுண்ணிய பாசிகள் குடியிருந்து அதற்கு உணவு தருகின்றன. நீர் கலங்கினால் பாசிக்கு வெயில் இல்லை. பாசி வாடினால் பவளத்துக்குச் சோறு இல்லை. ஆகவே தட்டு மறையும் ஆழம் குறைந்துகொண்டே வந்தால், அது அபாய அறிவிப்பு.

மூன்றாவது சாமான் நீர் எடுக்கும் புட்டி. மேல் நீரை எடுக்க வாளி போதும். பத்து மீட்டர் ஆழத்து நீர் மட்டும் வேண்டுமானால், வழியிலுள்ள நீர் கலவாமல் எடுப்பது எப்படி? இதற்கென்று இரு முனையும் திறந்த குழாய் ஒன்றைக் கயிற்றில் கட்டி இறக்குகிறார்கள். வேண்டிய ஆழத்தை அடைந்ததும், ஒரு சிறு பித்தளைக் குண்டைக் கயிற்றின் வழியாக நழுவ விடுகிறார்கள். இதற்கு 'மெஸெஞ்சர்', அதாவது தூதன் என்று பெயர். தூதன் போய்த் தட்டியதும் இரு மூடிகளும் படீரென்று மூடிக்கொள்ளும்.

வெப்பத்தை அளப்பதிலும் இதே சங்கடம் உண்டு. சாதாரண உஷ்ணமானியை ஆழத்தில் இறக்கினால், மேலே இழுத்து வருவதற்குள் அது மேல் நீரின் வெப்பத்தைக் காட்டத் தொடங்கிவிடும். லண்டனில் நெக்ரெட்டி, ஸாம்ப்ரா கம்பெனியார் 1874-இல் இதற்கு ஒரு யுக்தி கண்டார்கள். ஆழத்தில் உஷ்ணமானி தலைகீழாகக் கவிழும். கவிழ்ந்த கணத்தில் பாதரசம் ஒரு குறுகலான இடத்தில் அறுபட்டு, அந்த அளவிலேயே நின்றுவிடும். நூறாண்டுக் காலம் கடல் சாஸ்திரத்தின் பெரும்பகுதி இந்தத் தலைகீழ் உஷ்ணமானியின்மேல் நின்றது என்று சொன்னால் மிகையாகாது. இப்பொழுது உப்பு, வெப்பம், ஆழம் மூன்றையும் மின்சாரத்தால் ஒருங்கே அளந்து எழுதிக்கொள்ளும் கருவிகள் வந்துவிட்டன. முழங்கை நீளமுள்ள சிறு கருவியும் உண்டு. சிறு படகிலிருந்து ஒருவரே இறக்கலாம்.

நான்காவது, வலை. மீன் பிடிக்கும் வலை அன்று. நீரில் மிதந்து திரியும் நுண்ணுயிர்களைப் பிடிக்கும் வலை. முன்னாளில் மாவு சலிக்கும் பட்டுத் துணியால் தைத்தார்கள், இப்பொழுது நைலான். அரை மீட்டர் வாயுள்ள வலையை, விநாடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில், ஐந்து நிமிஷம் இழுத்தால் ஏறத்தாழ 59 கன மீட்டர் நீர் அதன் வழியாகப் பாயும். வலையின் அடியிலுள்ள குப்பியில் சேர்ந்ததை எண்ணினால், கன மீட்டருக்கு எத்தனை என்று கூறிவிடலாம். அந்தக் குப்பியில் வருங்கால மீனும் நண்டும் இறாலும் கடுகிலும் சிறிய உருவில் இருக்கும்.

ஐந்தாவது, தரையைக் கவ்வும் தாடை. ஹாலந்து தேசத்துப் பொறியாளர் ஃபான் வேன் 1933-இல் அமைத்த உருவம் இன்றும் வழங்குகிறது. திறந்த வாயோடு இறங்கி, தரையைத் தொட்டதும் கயிற்றை இழுக்க, ஒரு சதுர மீட்டரில் பத்தில் ஒரு பங்கு மண்ணைக் கவ்வி வரும். மண்ணைச் சல்லடையில் அலசினால் புழு, சிப்பி, நண்டு இவை மிஞ்சும். நாற்பது புழு இருந்தால், அவ்விடத்தில் சதுர மீட்டருக்கு நானூறு என்று அறியலாம். பவளத்தின்மேல் மட்டும் இதை இறக்கக்கூடாது.

பவளத்தை அளக்க மனிதனே இறங்கவேண்டும். முதுகில் காற்றுக் குப்பியைச் சுமந்து மூழ்கும் முறையை 1943-இல் பிரான்ஸில் கூஸ்தோவும் கஞ்ஞானும் கண்டார்கள். மூச்சைப் பிடித்த குளியாளுக்குச் சில விநாடிகளே கிடைத்த தரையில், இன்றைய மூழ்காளர் முக்கால் மணி நேரம் தங்கலாம். தரையில் ஒரு அளவு நாடாவை விரித்து, அதன் கீழ் எத்தனை சென்டிமீட்டர் உயிருள்ள பவளம், எத்தனை செத்த பவளம், எத்தனை மணல் என்று பலகையில் குறித்துக்கொண்டு போவார். குறிப்பது பென்ஸிலால். நீருக்குள் பேனா உதவாது. படகிலுங்கூட மை ஒரு அலைக்குத் தாங்காது. கடல் சாஸ்திரத்தின் மிக மலிவான கருவியும் மிக அவசியமான கருவியும் பென்ஸில்தான்.

நாலு பாகம்

மாணவர் சிலரை அழைத்துக்கொண்டு, சித்திரை மாதத்து அமைதியான ஒரு காலையில் நாம் மண்டபத்துக்கு வடக்கே, பாக் விரிகுடாவில், ஒரு நாட்டுப்படகில் சென்றிருந்தோம். நம்மிடம் இருந்தவை கயிறும், ஈயக்குண்டும், பள்ளிக்கூடத்துத் தச்சர் செய்து கொடுத்த வெள்ளைத் தட்டும்.

ஒரு பையன் குண்டை இறக்குவதற்குக் கயிற்றைப் பிரித்துக்கொண்டிருந்தான். படகோட்டி அவனைப் பார்த்துச் சிரித்து, "தம்பி, கயிறு சொல்றதுக்கு முன்னாலே நான் சொல்லட்டுமா? நாலு பாகம் இருக்கும்" என்றார்.

கயிறு 7 மீட்டரையும் சற்று அதிகத்தையும் காட்டிற்று. பாகம் என்பது இரு கைகளையும் விரித்த நீளம், ஆறு அடி. நாலு பாகம் 24 அடி, அதாவது 7.3 மீட்டர். பையன் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு அவரை வியப்போடு நோக்கினான்.

"எப்படி அண்ணே தெரிஞ்சது?"

"அதோ பாலம் தெரியுதா? இந்தப் பக்கம் அந்தப் பனைக் கூட்டம். ரெண்டும் இப்படி நின்னா நாலு பாகம். எங்க அப்பா காலத்திலேயும் நாலு பாகந்தான். ஆனா தண்ணி இப்படிக் கலங்கி இருக்காது, வாத்தியாரையா. அடியிலே புல்லு தெரியும்."

தட்டை இறக்கினோம். மூன்றரை மீட்டரில் மறைந்துவிட்டது.

இந்தச் சிறு சம்பாஷணையில் நம் கட்டுரையின் பொருள் முழுவதும் அடங்கியிருக்கிறது. ஆழத்தைப் பற்றி அவர் சொன்னதைக் கயிறு உறுதி செய்தது. நீரின் தெளிவைப் பற்றி அவர் சொன்னதை உறுதி செய்யவோ மறுக்கவோ நம்மிடம் ஒன்றும் இல்லை. ஏனெனில் அவருடைய தந்தையார் காலத்தில் அவ்விடத்தில் தட்டு எத்தனை மீட்டரில் மறைந்தது என்று எழுதிவைத்த ஏடு நம் கையில் இல்லை. அவர் நினைவு உண்மையாகவே இருக்கலாம். ஆனால் நினைவை ஒரு கச்சேரியில் சாட்சியாக வைக்க முடியாது, எண்ணை வைக்கலாம்.

ஒரு டிகிரியின் விலை

எண் இல்லாவிட்டால் என்ன நேரும் என்பதற்கு மன்னார் வளைகுடாவே சாட்சி. நெடுங்காலமாக அங்கே பவளத்தை வெட்டி எடுத்துவந்தார்கள். சுண்ணாம்புக்கும், கட்டடத்துக்கும், தொழிற்சாலைக்கும் அது போயிற்று. பாறைதானே, கடலில் எவ்வளவோ இருக்கிறதே என்பது எண்ணம். பவளப்பாறை அலையை உடைக்கும் சுவர். சுவர் போனால் வீட்டுக்கு என்ன காவல்? பூவரசன்பட்டி, விலங்குச்சல்லி என்ற இரண்டு தீவுகள் நீருக்குள் மறைந்துவிட்டன. 21 என்று ஏட்டில் எழுதிய தீவுகளில் நீருக்கு மேல் எஞ்சியவை 19.

2001-இல் பவளம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டது. 2003 முதல் 2005 வரையில் தூத்துக்குடியிலுள்ள சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிலையத்தார் சிறு படகுகளில் சென்று, மூழ்கி, தீவு தீவாக அளந்தார்கள். சுமார் 110 சதுர கிலோமீட்டர் பவளப்பாறையில் 32 சதுர கிலோமீட்டர் ஏற்கெனவே அழிந்திருக்கக் கண்டார்கள். அளவு வந்தபோது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கைவிட்டுப் போயிருந்தது.

ஆனால் அந்த அளவு வீண்போகவில்லை. அதன்பின் வந்த ஆபத்தை அதனோடு ஒப்பிட முடிந்தது. கடல் நீர் வழக்கமான கோடை வெப்பத்தைவிட ஒரு டிகிரி அளவு மிகுந்து, அது சில வாரம் நீடித்தாலே பவளம் தன்னுள் குடியிருக்கும் பாசியை வெளியேற்றி வெளுத்துப்போகும். வெப்பம் விரைவில் தணிந்தால் பிழைக்கும். தணியாவிட்டால் பட்டினியால் சாகும். 2010-இலும் 2016-இலும் அப்படி வெளுத்தது. 2016-இல் நேர்ந்ததுதான் கொடியது. அவ்வாண்டில் உயிருள்ள பவளத்தின் பரப்பு நூற்றுக்கு 38.9-இலிருந்து 22.7-ஆகக் குறைந்தது என்று மூழ்காளர்கள் அளந்து அறிவித்தார்கள்.

ஒரு டிகிரி என்பதை நேயர்கள் கவனிக்கவேண்டும். குழந்தைக்கு உடம்பு சுடுகிறதா என்று தாய் புறங்கையை வைத்துப் பார்ப்பாள். கடலில் ஒரு டிகிரி வேறுபாட்டைப் புறங்கை அறியாது, கண் அறியாது, மீனவரின் நீண்ட அனுபவமும் எளிதில் அறியாது. கருவிதான் அறியும். அந்தக் கருவியே ஒரு டிகிரி பிசகாயிருந்தால், நோயைச் சுகம் என்றும், சுகத்தை நோய் என்றும் எழுதிவைப்போம். ஆகையினால்தான் உஷ்ணமானியை ஒப்பிட்டுச் சரிபார்ப்பதும், புட்டிக்கு எண் இடுவதும், நேரத்தையும் இடத்தையும் அங்கேயே எழுதுவதும் சில்லறை வேலைகள் அல்ல. அவையே விஞ்ஞானம்.

அளவின் பயன் இன்னொன்றும் உண்டு. தூத்துக்குடியை அடுத்த வான் தீவு அலையால் அரிக்கப்பட்டுச் சுருங்கிவருவது அளவுகளால் தெரிந்தது. 2015 முதற்கொண்டு அத்தீவின் முன்னே சிமெண்டுக் காரையால் செய்த செயற்கைப் பாறைகளை இறக்கி, அலையின் வேகத்தைத் தணிக்க முயன்றார்கள். முன்னிரு தீவுகளுக்குக் கிடைக்காத வைத்தியம் இதற்குக் கிடைத்தது. நாடி பார்த்தவர் இருந்ததனால் கிடைத்தது.

யார் அளப்பது?

பெரிய கப்பலுக்குத் திறப்பு விழா நடக்கிறது, மந்திரிகள் வருகிறார்கள், பத்திரிகைகளில் படம் வருகிறது. சிறு படகுக்கு அவை ஒன்றும் இல்லை. அதற்கு வேண்டியது விழா அல்ல, வழக்கம். மாதம் ஒரு முறை, அதே இடத்தில், அதே தட்டு, அதே முறை, மழையாயினும் வெயிலாயினும், ஆள் மாறினாலும் ஏடு மாறாமல். பத்து ஆண்டு இப்படிச் செய்தால் அது ஆராய்ச்சி. ஐம்பது ஆண்டு செய்தால் அது தேசத்தின் சொத்து. நடுவில் ஐந்து ஆண்டு விட்டுவிட்டால், அந்த ஐந்து ஆண்டை எவ்வளவு பணம் கொடுத்தாலும் திரும்ப வாங்க இயலாது. கோயிலில் நித்திய பூஜை போன்றது இது. உற்சவம் தவறினால் அடுத்த ஆண்டு நடத்தலாம். தவறிய நித்திய பூஜையை எப்பொழுது நடத்துவது?

இந்த வேலையில் மீனவர்களுக்கு உரிய இடம் கூலிக்குப் படகு ஓட்டும் இடம் மட்டும் அன்று. பாரின் பெயரும், நீரோட்டத்தின் போக்கும், கச்சான் காற்றின் குறியும் அவர்கள் அறிந்தவை. நாள்தோறும் கடலுக்குப் போகிறவர்களும் அவர்களே. ஒரு தட்டும் ஒரு ஏடும் அவர்கள் கையில் இருந்து, அவர்கள் எழுதிய எண்ணுக்கு மரியாதையும் இருக்குமானால், எந்த ஆராய்ச்சி நிலையத்தாலும் தனியே செய்ய முடியாத காரியம் நடக்கும்.

நம் வீட்டுப் பிள்ளைகளும் இதில் சேரலாம். ஸெக்கி தட்டு செய்யப் பெருஞ்செலவு இல்லை. ஒரு சாண் அகலமுள்ள வட்டமான தகடு அல்லது பழைய தட்டு. அதற்குப் பளபளப்பில்லாத வெள்ளை வர்ணம். நடுவில் துளையிட்டுக் கட்டிய கயிறு. அடியில் ஒரு கல். கயிற்றில் பத்து சென்டிமீட்டருக்கு ஒரு முடிச்சு. கடல் அருகில் இல்லாவிட்டால் ஊர் ஏரியோ தெப்பக்குளமோ போதும். பெரியவர் ஒருவர் துணையிருக்க, ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிற்றுக்கிழமை நண்பகலில், ஒரே படித்துறையிலிருந்து இறக்கி, மறையும் ஆழத்தை நோட்டுப் புத்தகத்தில் பென்ஸிலால் எழுதட்டும். மழைக்கு முன் எவ்வளவு, மழைக்குப் பின் எவ்வளவு, திருவிழாவுக்கு மறுநாள் எவ்வளவு என்று அவர்களே கேட்கத் தொடங்குவார்கள். ஓர் ஆண்டு முடிந்ததும் அந்த நோட்டுப் புத்தகத்தை எறிந்துவிடாமல் பத்திரப்படுத்துங்கள். முப்பது ஆண்டுக்குப் பின் அந்தக் குளத்து நீர் முன்போல் இல்லை என்று யாரேனும் சொல்லும்போது, முன்பு எப்படி இருந்தது என்று காட்ட அது ஒன்றுதான் இருக்கக்கூடும்.